பிறக்கும் விண்மீனைச் சுற்றி ஒளிரும் நீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளம் விண்மீன் ஒன்றைச் சுற்றி நீராவி கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அங்கே கடல் இருக்கிறதா, நம் பூமியின் நீரும் அப்படித்தான் வந்ததா, அதிர்ச்சி அலை என்கிறார்களே, வெற்றிடத்தில் அலை எப்படி? கேட்பவர்களின் ஆர்வம் நியாயமானது. செய்திகளில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. விட்டுப்போகும் அந்தப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெற்றிடத்தில் அதிர்ச்சி அலை எப்படி உருவாகும்?

விண்மீன் பிறக்கும் இடம் முழு வெற்றிடம் அல்ல. அது மூலக்கூறு மேகம்: பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுகள், கொஞ்சம் ஹீலியம், மிகச் சிறிய அளவில் கார்பன் மோனாக்சைடு போன்றவை, நுண்ணிய தூசுத் துகள்கள். அடர்ந்த பகுதிகளில் ஒரு கன சென்டிமீட்டரில் பத்தாயிரம் முதல் சில லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மேகம் பல லட்சம் கோடி கிலோமீட்டர் பரந்து கிடப்பதால் அங்கேயும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அழுத்தம் இருக்கிறது, ஒலி வேகம் என்று ஒன்றும் இருக்கிறது.

மேகத்தின் வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 263 டிகிரி. அந்தக் குளிரில் ஒலி வேகம் விநாடிக்கு வெறும் 0.2 கிலோமீட்டர். பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் வீசும் தாரையோ விநாடிக்கு 100 கிலோமீட்டர் அளவில் பாய்கிறது. ஒலியைவிட ஐந்நூறு மடங்கு வேகம்! முன்னால் இருக்கும் வாயுவுக்கு 'வருகிறேன்' என்ற தகவல் போய்ச் சேரும் முன்பே மோதல் நடந்துவிடுகிறது. விலகி வழிவிட நேரமில்லாத வாயு நசுங்கிச் சூடாகிறது. அந்த நசுங்கும் முனைதான் அதிர்ச்சி அலை.

விண்மீன் பொருளை உள்ளே இழுக்கத்தானே வேண்டும், ஏன் வெளியே வீசுகிறது?

இரண்டும் சேர்ந்தேதான் நடக்கின்றன. சுழன்றபடி உள்ளே விழும் வாயு நேராக மையத்தில் விழ முடியாமல் வட்டாகப் படிகிறது. அந்த வட்டிலிருந்து விண்மீனுக்குப் பொருள் போய்ச் சேர வேண்டுமானால் சுழற்சி உந்தத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். காந்தப்புலம் வட்டின் ஒரு பங்குப் பொருளைச் சுழற்சி உந்தத்தோடு சேர்த்து இரு துருவத் திசைகளிலும் எறிந்துவிடுகிறது. மிச்சம் உள்ளே போகிறது. எறிதல் இல்லாமல் வளர்ச்சி இல்லை.

வீசப்படும் இந்தத் தாரை சுற்றியிருக்கும் மேகத்தையும் தள்ளிக்கொண்டு போகும். அப்படித் தள்ளப்பட்டு நகரும் பெரிய வாயுக் கூட்டத்தை வெளிப்பாய்வு என்கிறோம். இருபுறமும் பாயும் இப்படியொரு வெளிப்பாய்வு எல் 1551 என்ற மேகத்தில் 1980-இல் தெளிவாகப் பதிவானது. அதற்கு முன்பே, 1940-களின் இறுதியிலும் 50-களின் தொடக்கத்திலும், ஜார்ஜ் ஹெர்பிக், கியேர்மோ ஹாரோ ஆகிய இருவரும் ஓரியன் பகுதியில் விசித்திரமான சின்னஞ்சிறு ஒளித்திட்டுகளைக் கண்டிருந்தார்கள். உள்ளே விண்மீன் எதுவும் இல்லாமல் அவை ஏன் ஒளிர்கின்றன என்பது கால் நூற்றாண்டுக்கு விடையில்லாமல் இருந்தது. 1975-இல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் அவை அதிர்ச்சி அலையில் சூடான வாயு என்றார். ஹெர்பிக்–ஹாரோ பொருள்கள் என்று இன்று நாம் சொல்பவை அவையே.

எல்லா மோதலும் ஒரே மாதிரிதானா?

இல்லை. இந்த வேறுபாடு புரிந்தால்தான் நீரின் கதை புரியும்.

வேகமான மோதலில் வாயுவின் வெப்பநிலை ஒரு மெல்லிய முனையில் சட்டெனப் பல்லாயிரம் கெல்வினுக்கு எகிறும். ஹைட்ரஜன் மூலக்கூறே உடைந்து அணுக்களாகிவிடும். நீர் மூலக்கூறு தப்பவே தப்பாது. பின்னால் வாயு குளிர்ந்த பிறகுதான் மூலக்கூறுகள் மீண்டும் ஒட்டத் தொடங்கும். சுவர் ஏறுவதுபோல வெப்பநிலை தாவுவதால் இதற்குத் 'தாவல் அதிர்ச்சி' என்று பொருள்படும் பெயர். துறைக்குள் சுருக்கமாக ஜே வகை என்பார்கள்.

இன்னொரு வகையில் காந்தப்புலம் குறுக்கே வருகிறது. மேகத்தின் அடர்ந்த பகுதியில் கோடிக்கணக்கான மூலக்கூறுகளுக்கு ஓர் அயனி என்ற கணக்கில்தான் மின்னூட்டம் உள்ள துகள்கள் இருக்கும். ஆனால் அந்தச் சிறுபான்மை காந்தப்புலத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. காந்தப்புலத்தின் வழியே செல்லும் அலைகள் வாயுவின் ஒலியைவிட வேகமாக ஓடுவதால், அயனிகளுக்கு முன்கூட்டியே தகவல் கிடைத்துவிடுகிறது. அவை முதலில் நகர்ந்து, போகிற வழியில் நடுநிலை மூலக்கூறுகளை உரசி, அவற்றையும் மெல்ல மெல்ல முடுக்குகின்றன. தாவல் இல்லை, சரிவு மட்டுமே. வெப்பநிலை சில நூறு முதல் இரண்டு மூவாயிரம் கெல்வின் வரை ஏறி, நூற்றுக்கணக்கான வானியல் அலகு தூரத்துக்குப் பரந்து நிற்கும் (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்). மூலக்கூறுகள் உடையாமல் சூடாகின்றன. இந்தத் தொடர் அதிர்ச்சியை, அதாவது சி வகையை, 1980-இல் புரூஸ் டிரெய்ன் கணக்கிட்டுக் காட்டினார். மூலக்கூறை உடைக்காத சூடு என்பது வேதியியலுக்குக் கிடைத்த அடுப்பு. நீர் வேகுவது இதில்தான்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஏற்கெனவே இருந்ததா, அங்கேயே உண்டாகிறதா?

இரண்டும் உண்டு.

குளிர்ந்த மேகத்தில் ஆக்சிஜன் அணு தூசுத் துகளின் மேல் போய் ஒட்டும். ஹைட்ரஜன் அணுக்கள் அங்கே ஊர்ந்து வந்து ஒவ்வொன்றாகச் சேரும். ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்தத் துகள், இப்படியே லட்சக்கணக்கான ஆண்டுகளில் பனிக்கட்டிப் போர்வை போர்த்திக்கொள்கிறது. விண்மீன் பிறக்கும் முன்பே பெரும்பகுதி நீர் இப்படி உறைந்து தயாராக இருக்கிறது.

அதிர்ச்சி அலை வரும்போது ஒரு துகளைப் பக்கத்தில் நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துகளில் மின்னூட்டம் இருப்பதால் அது காந்தப்புலத்தோடு ஓடுகிறது. நடுநிலை வாயு பின்தங்கி நிற்கிறது. ஆக, துகளின் முகத்தில் ஹீலியம் அணுக்களும் கனமான மூலக்கூறுகளும் விநாடிக்கு பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து அறைகின்றன. ஒவ்வோர் அறைக்கும் பனிப்படலத்திலிருந்து சில மூலக்கூறுகள் தெறிக்கின்றன. அதிர்ச்சியின் வேகம் சுமார் 15 கிலோமீட்டரைத் தாண்டினாலே இந்த உரிப்பு மும்முரமாகிவிடும். 25-ஐத் தாண்டினால் பனி மட்டுமல்ல, உள்ளே இருக்கும் சிலிகேட் கல்லும் சுரண்டப்பட்டு சிலிக்கான் வெளியே வரும். சிலிக்கான் மோனாக்சைடு தெரிகிற இடத்தில் கடுமையான மோதல் நடந்திருக்கிறது என்று வானியலாளர்கள் உடனே சொல்வது இதனால்தான்.

இரண்டாவது வழி, வாயுவிலேயே நடக்கும் சமையல். வெப்பநிலை 250–300 கெல்வினைத் தாண்டியதும் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் ஆகிறது. ஹைட்ராக்சில் இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு சேர்ந்து நீர் ஆகிறது. குளிரில் கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும் இந்த வினை, சூடு ஏறியதும் வாயுவில் உள்ள ஆக்சிஜனை விரைவாக நீராக மாற்றிவிடும்.

அது திரவ நீரா?

இல்லை. அந்த அழுத்தத்தில் திரவ நீர் நிலைக்கவே முடியாது. பனிக்கட்டி, அல்லது தனித்தனி மூலக்கூறுகளாகத் திரியும் ஆவி. இடைநிலை கிடையாது. சுமார் 100 கெல்வினில் பனி நேராக ஆவியாகிவிடும்.

இவ்வளவு தூரத்திலிருந்து அதை நீர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நீர் மூலக்கூறு சுழலும். குவாண்டம் விதிப்படி அது குறிப்பிட்ட சில சுழற்சி நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். ஒரு நிலையிலிருந்து கீழே இறங்கும்போது அதற்கே உரிய அதிர்வெண்ணில் ஒளி விடும். நிறமாலையில் அது தெரியும் இடத்தைக் கோடு என்கிறோம். அவற்றில் புகழ்பெற்றது 557 கிகாஹெர்ட்ஸ் கோடு.

என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டது அந்தக் கோட்டின் வடிவம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெர்ஷல் தொலைநோக்கி (2009 மே மாதம் ஏவப்பட்டது, 3.5 மீட்டர் கண்ணாடி) பதிவு செய்த ஒரு நிறமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அமைதியான உறையில் (விண்மீனையும் வட்டையும் சூழ்ந்திருக்கும் மேகப் பகுதி) உள்ள கார்பன் மோனாக்சைடின் அரிய ஐசோடோப்பு வகை விநாடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒல்லியான கூர்முனையாக நிற்கும். அதே விண்மீனின் நீர்க்கோடு இருபுறமும் இறக்கை விரித்தாற்போல 20, 40, சில இடங்களில் இன்னும் அதிக கிலோமீட்டர் வேகம் வரை பரந்து கிடக்கும். ஒவ்வொரு 10 கிலோமீட்டர் வேகத்துக்கும் அதிர்வெண் சுமார் 18.6 மெகாஹெர்ட்ஸ் நகரும். நம்மை நோக்கி வரும் வாயு ஒரு பக்கம், விலகிப் போகும் வாயு மறுபக்கம். நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு குறுகிய பள்ளம் இருக்கும். அது வெளியே உள்ள குளிர்ந்த உறையின் நீராவி, பின்னாலிருந்து வரும் ஒளியை உறிஞ்சிய தடம். அமைதியான நீர் இருளாகவும் அடிபட்ட நீர் வெளிச்சமாகவும் ஒரே கோட்டில் பதிவாகியிருக்கும்.

எல் 1448 என்ற இடத்தில் இருக்கும் இளம் விண்மீனில் இறக்கைகளுக்கும் அப்பால், இருபுறமும் விநாடிக்கு 50 கிலோமீட்டர் அளவில், தனித்தனி மேடுகள் தெரிந்தன. தாரையே கட்டிகட்டியாக எறிந்த 'தோட்டாக்கள்' அவை. அவற்றிலும் நீர் இருந்தது.

தரையிலிருந்து பார்க்க முடியாதா?

557 கிகாஹெர்ட்ஸ் ஒளி தரைக்கு வந்து சேராது. நம் வளிமண்டலத்தின் நீராவி அதை முழுக்க விழுங்கிவிடும். விண்வெளி நீரைப் பார்க்கத் தடையாக இருப்பது நம் தலைக்கு மேல் இருக்கும் நீர்தான். அதனால்தான் 1998-இல் அமெரிக்காவின் ஸ்வாஸ், 2001-இல் ஸ்வீடன் தலைமையிலான ஓடின், பிறகு ஹெர்ஷல் என்று வரிசையாகச் செயற்கைக்கோள்களை அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு பெரிய விலக்கு உண்டு. 22.2 கிகாஹெர்ட்ஸ் நீர்க்கோடு தரைக்கு வரும். 1969-இல் சார்ல்ஸ் டவுன்ஸின் பெர்க்லி குழு ஓரியன் உட்பட மூன்று இடங்களில் அதைக் கண்டது. அது இயல்புக்கு மீறிப் பிரகாசமாக இருந்தது. காரணம், அது மேசர். லேசரைப் போலவே, மேல்நிலையில் கூட்டம் சேர்ந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று தூண்டி ஒளியைப் பெருக்குகின்றன. அதிர்ச்சிக்குப் பின்னால் நசுங்கி, சில நூறு கெல்வினில் இருக்கும் அடர்ந்த வாயு இதற்கு வாகானது. ஒவ்வொரு மேசர் புள்ளியும் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் அளவுக்குத்தான் இருக்கும். ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து அப்புள்ளிகள் வானில் நகர்வதையே அளக்கிறார்கள். விண்மீன் பிறக்கும் பகுதிகளின் தூரத்தை அளக்க இன்று இருக்கும் நம்பகமான வழிகளில் இது ஒன்று.

கணித்த அளவுக்கு நீர் இருந்ததா?

இல்லை. இந்தத் துறையின் மிக நல்ல பாடம் இதில் இருக்கிறது.

சமையல் குறிப்புப்படி பார்த்தால், சூடான வாயுவில் பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு ஒரு நீர் மூலக்கூறு இருக்க வேண்டும். நெதர்லாந்தின் லைடனைச் சேர்ந்த எவீனா வான் டிஷூக் தலைமையில் ஹெர்ஷல் சுமார் 80 இளம் விண்மீன் பகுதிகளை ஆராய்ந்தது. பல வெளிப்பாய்வுகளில் கிடைத்ததோ பத்து லட்சத்துக்கு ஒன்று, அல்லது அதைவிடக் குறைவு. நூறு மடங்கும் அதற்கு மேலும் பற்றாக்குறை.

பழைய கணக்குகள் அதிர்ச்சி அலை இருட்டில் நடப்பதாக வைத்துக்கொண்டன. உண்மையில் விண்மீனிலிருந்தும் வேகமான தாரை அதிர்ச்சிகளிலிருந்தும் புற ஊதா ஒளி வெளிப்பாய்வின் குழிவான சுவர்களை நனைக்கிறது. நீர் உண்டாகும் வேகத்திலேயே அது மீண்டும் ஹைட்ராக்சிலாகவும் அணு ஆக்சிஜனாகவும் சிதைகிறது. இந்தச் சிதைவை மாதிரிகளில் சேர்த்ததும் எண்கள் நெருங்கி வந்தன. ஹைட்ராக்சிலும் ஆக்சிஜனும் அதே இடங்களில் ஒளிர்வது இதற்குக் கூடுதல் சாட்சி.

ஒளி வட்டிலிருந்து வருகிறதா, வெளிப்பாய்விலிருந்தா? எப்படி உறுதி செய்கிறார்கள்?

உறுதி செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

2007-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி 30 இளம் விண்மீன்களை அகச்சிவப்பில் பார்த்தது. பெர்சியஸ் பகுதியில் உள்ள என்.ஜி.சி. 1333 ஐராஸ் 4பி என்ற ஒன்றில் மட்டும் நீர்க்கோடுகள் வரிசையாக ஒளிர்ந்தன. உறையிலிருந்து பனி மழையாக வட்டின் மேல் விழுகிறது, விழுந்த இடத்தில் அதிர்ச்சி அலை எழுந்து நீர் ஆவியாகி ஒளிர்கிறது என்று விளக்கம் தந்தார்கள். பூமியின் கடல்களை ஐந்து முறை நிரப்பும் நீர் என்று செய்தி உலகம் சுற்றியது. கிரகங்கள் உருவாகும் வட்டில் நீர் இறங்குவதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஹெர்ஷல் அதே பொருளைப் பார்த்தது. அதன் கருவி நிறமாலையோடு இடத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும். சூடான நீரின் ஒளி விண்மீன் இருக்கும் இடத்தில் இல்லை! சுமார் 5 வில்விநாடி தள்ளி, நம்மை நோக்கி வரும் வெளிப்பாய்வின் மேல் அது உட்கார்ந்திருந்தது. ஒரு வில்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு, ஆக 5 வில்விநாடி என்பது கேட்க அற்பம். அந்தத் தூரத்தில் அது ஆயிரம் வானியல் அலகுக்கும் மேல். வட்டு அவ்வளவு தூரம் நீளாது. ஒளிர்ந்தது உள்ளே விழும் நீர் அல்ல, வெளியே எறியப்பட்ட தாரை மேகத்தை மோதிய இடத்து நீர்.

முதல் குழு கவனக்குறைவாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அன்றைய தரவுக்கு அது ஏற்கத்தக்க விளக்கமே. ஆனால் அன்று முதல் 'நீர் ஒளிர்கிறது' என்று யார் சொன்னாலும் 'எந்த இடத்தில்?' என்பதே என் முதல் கேள்வி. ஹெர்ஷலின் பார்வையே 557 கிகாஹெர்ட்ஸில் சுமார் 39 வில்விநாடி அகலம். பெர்சியஸ் தூரத்தில் அந்த ஒற்றைப் புள்ளிக்குள், சூரியனிலிருந்து நெப்டியூன் உள்ள தூரத்தைப்போல ஏறத்தாழ 400 மடங்கு அடங்கிவிடும். வட்டும் உறையும் வெளிப்பாய்வும் எல்லாம் ஒரே கோட்டில் கலந்துதான் வரும்.

அப்படியானால் பூமியின் கடல்நீர் இந்த ஒளிரும் நீரிலிருந்து வரவில்லையா?

பெரும்பாலும் இல்லை. செய்திகளில் விட்டுப்போவது இதுதான். பிரகாசமாகத் தெரியும் நீர், தாரையோடு வெளியே போய்க்கொண்டிருக்கும் நீர். அது திரும்பி வந்து எந்தக் கிரகத்திலும் சேரப் போவதில்லை. கிரகங்களுக்குப் போகும் நீர் தூசின் மேல் பனியாக, ஒளி விடாமல், உறையின் வழியே வட்டுக்குள் இறங்குகிறது.

அந்த மறைவான நீரையும் பார்க்க வழி உண்டு. பின்னால் ஏதாவது விண்மீன் இருந்தால், 3 மைக்ரோமீட்டரில் பனி அதன் ஒளியை உறிஞ்சும். வட்டிலேயே பனி ஆவியாகும் அளவுக்குச் சூடேறிய அரிய இடம் வி883 ஓரியோனிஸ், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். 2023-இல் ஆல்மா தொலைநோக்கி அங்கே சாதாரண நீருக்கும் கன ஹைட்ரஜன் கலந்த நீருக்கும் உள்ள விகிதத்தை அளந்தது. அது நம் வால்மீன்களின் விகிதத்தோடு ஒத்துப்போகிறது. வழியில் சிதைந்து மறுபடி உண்டாகியிருந்தால் இந்த விகிதம் மாறியிருக்கும். ஆக, வட்டுக்கு வந்த நீர் அப்படி உண்டானதல்ல, மேகத்தில் உறைந்த அதே பனி என்பதற்கு இது வலுவான சான்று.

வேறு எந்த மூலக்கூறுகளைப் பார்க்கிறார்கள்?

ஹைட்ரஜன் மூலக்கூறின் 2.12 மைக்ரோமீட்டர் கோடு அதிர்ச்சியின் படம் வரைய நல்லது. அயனியான இரும்பு வேகமான தாவல் அதிர்ச்சியைக் காட்டும். கார்பன் மோனாக்சைடு மொத்தம் எவ்வளவு வாயு நகர்கிறது என்று சொல்லும். ஆனால் அமைதியான வாயுவிலும் அடிபட்ட வாயுவிலும் அதன் அளவு பெரிதாக மாறாது. நீரின் அளவோ அடிபட்ட இடத்தில் பல நூறு மடங்கு மாறும். எங்கே அடி விழுந்தது என்று கேட்டால் நான் நீரைத்தான் நம்புவேன்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி என்ன புதிதாகக் காட்டியது?

2023 செப்டம்பரில் வெளியான எச்.எச். 211 படத்தைப் பாருங்கள் (எச்.எச். என்பது ஹெர்பிக்–ஹாரோவின் சுருக்கம்). சுமார் ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், பெர்சியஸ் பகுதியில், மிக இளம் விண்மீன் ஒன்றின் இருபுறமும் வளைவு வளைவாக அதிர்ச்சி முனைகள். உள்தாரை விநாடிக்கு 80–100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் மோதினால் மூலக்கூறுகள் உடைய வேண்டும். ஆனால் தாரை முழுக்க மூலக்கூறுகளாகவே இருக்கிறது. முன்னால் போகும் பொருளும் அதே திசையில் ஓடிக்கொண்டிருப்பதால் இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாடு குறைவு என்பதே விடை. ஒரே திசையில் போகும் இரு வண்டிகள் இடித்துக்கொள்வதற்கும் எதிரெதிரே மோதுவதற்கும் உள்ள வித்தியாசம்.

வெப் பார்ப்பது சூடான நீரை. 557 கிகாஹெர்ட்ஸின் குளிர்ந்த நீர் அதன் பார்வைக்கு வெளியே. 2013 ஏப்ரலில் ஹீலியம் தீர்ந்து ஹெர்ஷல் ஓய்ந்த பிறகு, அந்த அலைவரிசையில் அவ்வளவு பெரிய கண்ணாடியோடு விண்வெளியில் எதுவும் இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இவை மாறுவதை ஒரு மனித ஆயுளில் காண முடியுமா?

முடியும். ஹபிள் தொலைநோக்கி 1994 முதல் 2008 வரை எடுத்த படங்களைச் சேர்த்து, பாட்ரிக் ஹார்ட்டிகன் குழு எச்.எச். 1, எச்.எச். 34, எச்.எச். 47 ஆகியவற்றை அசையும் படமாக்கியது. பதினான்கு ஆண்டுகளில் கட்டிகள் முன்னேறுகின்றன. பின்னால் வரும் வேகக் கட்டி முன்னால் போகும் மெதுவான கட்டியை எட்டிப் பிடித்து மோத, மோதிய இடம் புதிதாக ஒளிர்கிறது. பக்கத்தில் இன்னொன்று, முதல் படத்தில் பளிச்சென்று இருந்தது, கடைசிப் படத்தில் மங்கிவிட்டது.